கேட்டுத்தான் குடித்தார்

எங்கள் மருந்துக் கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்கு முன் அவர் தலையை உள்ளே நீட்டிக் கேட்பார்: "இதுல நிப்பாட்டலாமா தம்பி?" பதினைந்து வருடமாக அதே இடத்தில்தான் நிறுத்தினார். நானும் பதினைந்து வருடமாக "நிப்பாட்டுங்க காக்கா" என்று சொன்னேன். ஒரு நாள் பகிடிக்கு, "இண்டைக்கு ஏலாது" என்றேன். அந்த வெயிலில் வண்டியை உருட்டிக்கொண்டு போய்ப் பள்ளிவாசல் மதிலோரம் விட்டுவிட்டு நடந்து வந்தார். நான் சிரித்துக்கொண்டு, "சும்மா சொன்ன காக்கா" என்றதும் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, "அப்ப திரும்ப இஞ்ச கொண்டாரட்டா?" என்று கேட்டார்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருடைய மகள் படித்துவிடுவாள். இதை எழுதுவதற்கு எனக்கு அவ்வளவு துணிவுதான் இருக்கிறது. எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்; அவரைக் 'கேள்விக் காக்கா' என்பார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் கோபித்தவரில்லை.

உழவு மெசின் ஓட்டுவது அவருக்குத் தொழில். கல்முனையில் எங்கள் தெருவில் வீடு. வயல் வேலையெல்லாம் சம்மாந்துறைக்கும் சவளக்கடைக்கும் இடையில். வயற்காரர் கரையில் நிற்கும்போதே மெசினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "இந்த மூலைய இன்னும் ஒரு சுத்து அடிக்கட்டா?" என்று கேட்பார். அடுத்த மூலையிலும் இறங்குவார். நிறைய வயல் வைத்திருந்த ஒரு போடியார் பொறுமையிழந்து, "உனக்கு மெசின் ஓட்டத் தெரியுமா, தெரியாதா?" என்று கத்தினாராம். "மெசின் ஓட்டத் தெரியும். உங்கட மனசு எனக்குத் தெரியாதே" என்றாராம் இவர். அடுத்த போகத்துக்கும் அந்தப் போடியார் இவரைத்தான் கூப்பிட்டார்.

கேட்பது ஒரு குணம். கேட்டதற்குச் சொன்ன பதிலை அப்படியே நம்புவது இன்னொரு குணம். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். நம்மில் கேட்கிறவர்கள் எல்லாம் சந்தேகத்தில் கேட்பவர்கள். பதில் வந்ததும் வேறொருவரிடம் போய்ச் சரிபார்ப்பார்கள். இவர் அப்படியில்லை. சந்தையில் மீன்காரனிடம், "இது இண்டைக்குப் பிடிச்சதா தம்பி?" என்று கேட்பார். "ஓம்" என்றால் வாங்குவார். செவுளைத் தூக்கிப் பார்க்கமாட்டார். இதைக் கண்டுகொண்ட மீன்காரர்கள் அவரிடம் மட்டும் பொய் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். "காக்கா, அது ஐஸ்ல கிடந்தது. உங்களுக்கு வேணாம். நாளைக்கு வாங்க" என்று ஒருவன் சொன்னதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன். அதே மீனை அதே வாயால் எனக்கு, புதிது என்று விற்றான்.

பாமசியில் அவருடைய கேள்விகளுக்கு அளவில்லை. தலைவலிக்கு இரண்டு பனடோல் வாங்குவார். சோற்றுக்கு முன்னா, பின்னா? பிளேன்டீயோடு குடிக்கலாமா? குடித்துவிட்டு உடனே படுக்கலாமா? கூட்டம் இருந்தால் எனக்கு எரிச்சல் வரும். கூட்டம் இல்லாத நேரத்தில் அது ஒரு பொழுதுபோக்கு. "வலப் பக்கம் திரும்பித்தான் படுக்கணும் காக்கா" என்று ஒரு தடவை சொல்லிவைத்தேன். ஒரு வாரம் கழித்து அவருடைய மனைவி வந்தார். அக்கா முறை, நான் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். "என்ன தம்பி, இந்த மனிசனுக்கு என்ன சொல்லிக் குடுத்த? பனடோலக் குடிச்சிட்டு இடப் பக்கம் திரும்பவே மாட்டாராம்" என்றார். அன்று நானும் ராத்தாவும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. என் வாயிலிருந்து வந்த எதையும் அவர் தட்டியதில்லை என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி எனக்கு வேண்டியிருந்ததா? அவருடைய கேள்விகளில் ஒன்றுக்கு நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அவருக்கு நுரையீரலில் கட்டி என்று கண்டபோது ஏற்கெனவே அது ஒரு இடத்தில் மட்டும் இருக்கவில்லை. முதலில் கீமோ ஏற்றினார்கள். தலைமுடி போனது, கட்டி போகவில்லை. பிறகு கொழும்புப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் புதிய மருந்தொன்று இருக்கிறது என்றார்கள். அந்த மருந்து வந்து சேர்ந்தது தனிக் கதை. கட்டாரில் இருக்கும் ராத்தாவின் தம்பி, பள்ளிவாசல்காரர், தெருவார் என்று பலபேர் கைகொடுத்தார்கள். நான் கண்டியில் பாமசி வேலை பழகிய ஆள், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆகவே என்னைத் துணைக்குக் கூட்டிப் போனார்கள். டொக்டர் சிங்களவர். அவர் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும், இவர் கேட்பதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். இரண்டாவது வேலைதான் பெரிய வேலை.

டொக்டர் நல்ல மனிதர். நிதானமாக விளங்கப்படுத்தினார். மனித உடம்புக்குள் காவலுக்கென்றே அணுக்கள் இருக்கின்றன. வெளியாள் எவன் நுழைந்தாலும் கண்டுபிடித்து அழிப்பது அவற்றின் வேலை. புற்றுக்கட்டியையும் அவை அழிக்க வேண்டும். ஆனால் கட்டி தந்திரக்காரன். காவலை அடக்கிச் சும்மா இருக்கச் செய்துவிடுகிறான். கீமோ கட்டியை அடிக்கும்போது காவலையும் சேர்த்து அடித்துவிடும். இந்த மருந்து கட்டியை நேரே தொடாது. அடங்கிக் கிடக்கும் காவலை அவிழ்த்து விடும். மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ளும்.

நான் இதை அவருக்கு வயல் பாஷையில் சொன்னேன். "காக்கா, உங்கட வயல்ல காவலுக்கு ஒருத்தன் இரிக்கான். காட்டுப் பண்டி வந்து அவனுக்குப் போர்வையப் போத்தி நித்திரையாக்கிப்போட்டு வேளாண்மையத் திங்குது. இந்த ஊசி பண்டியச் சுடாது. போர்வைய உருவி எடுக்கும். அவன் எழும்பி அடிப்பான்."

அவர் கேட்டார்: "நித்திரையால எழும்பினவன் கண்டபாட்டுக்கு அடிப்பானே தம்பி. என்ட சொந்த மாட்டுக்கும் அடிச்சிப்போட்டா?"

நான் அதைச் சிங்களத்தில் சொன்னதும் டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். அதேதான், என்றார். அடிப்பான். தோலில் அடிக்கலாம், வயிற்றில் அடிக்கலாம், மூச்சில் அடிக்கலாம், மூட்டுகளில் அடிக்கலாம். அப்படி ஏதாவது வந்தால் முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள். வீக்கத்தை வற்றவைக்கும் மருந்துகள் அந்தக் காவலைத் திரும்பவும் படுக்க வைத்துவிடக் கூடியவை. தேவைப்பட்டால் அதை நாங்கள் அளந்து தருவோம். வெளியில் வாங்கிக் குடிக்க வேண்டாம். இவர் மாதிரி எல்லோரும் கேள்வி கேட்டால் எனக்கு வேலை சுலபம், என்றும் சொன்னார்.

இதை எல்லாம் நான்தான் தமிழில் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். மொழிபெயர்க்கிறவனுக்குக் காதும் வாயும் மட்டும்தான் வேலை செய்யும், மண்டையில் ஒன்றும் தங்காது என்று எனக்கு நானே பலமுறை சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது எடுபடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை கொடுத்தார்கள். இன்ன மருந்து ஏற்றப்படுகிறது, எந்த வருத்தம் என்றாலும் இந்த இலக்கத்துக்குக் கதைக்கவும் என்று அதில் இருந்தது. ஊருக்கு வந்ததும் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு தெருவில் யாருக்கும் நிம்மதியில்லை. முடிவெட்டுகிறவரிடம் அட்டையை நீட்டி, "இது உள்ளவன் சவரம் எடுக்கலாமா?" என்றார். முடிவெட்டுகிறவர் இங்கிலீஷ் அட்டையைத் தலைகீழாகப் பிடித்து முழுவதும் வாசித்துவிட்டு, "எடுக்கலாம், காயம் படாமப் பாத்துக்குவன்" என்றார். கடற்கரையில் காற்று வாங்கப் போனவர் வலை இழுத்துக்கொண்டிருந்த பாண்டிருப்பு ஆட்களிடமும் அட்டையைக் காட்டி, உப்புக் காற்று ஆகுமா என்று கேட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு ஊசி ஏறியதும் இருமல் குறைந்தது. நெஞ்சில் காற்றுப் போகிறது என்றார். அந்த நாட்களில்தான் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. ஒரே பிள்ளை. சம்மாந்துறை மாப்பிள்ளை, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்.

மகளிடம் சம்மதம் கேட்ட கதையை ராத்தா சொன்னார். அறைக் கதவைத் தட்டி, "உள்ளுக்கு வரட்டா மகள்?" என்று கேட்டுத்தான் போயிருக்கிறார். "உனக்கு விருப்பமா?" என்றார். "ஓம் வாப்பா." "எனக்கு வருத்தம் எண்டத்துக்காக ஓமெண்டு சொல்றியா?" "இல்ல வாப்பா." வெளியில் வந்தவர் மறுபடி கதவைத் தட்டினார். மூன்று தரம் கேட்ட பிறகு பிள்ளை அழுதுவிட்டதாம். "அழுறது ஓமுக்கா, இல்லைக்கா?" என்று அதையும் கேட்டாராம்.

எங்கள் பக்கத்தில் கலியாண ஒப்பந்தமான காவின் எழுதும் நாளில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் வலக்கையைத் தன் வலக்கையால் பிடித்துக்கொண்டு, என் மகளை உனக்கு மணமுடித்துத் தந்தேன் என்று சபைக்குக் கேட்கச் சொல்ல வேண்டும். ஏலாதவர்கள் வேறொருவருக்குப் பொறுப்புக் கொடுக்கலாம், மௌலவியே செய்துவைப்பார். அதில் குறையொன்றுமில்லை. ஆனால் இவருக்கு அந்தக் கையைத் தானே பிடிக்க வேண்டும். வருத்தம் கண்ட நாளிலிருந்து அவர் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

காவினுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது கடைக்கு வந்தார். இரண்டு கையிலும் விரல்கள் வீங்கி இருந்தன. வண்டி ஓட்ட முடியாமல் ஆட்டோவில் வந்திருந்தார். தேத்தண்ணிக் கிளாசைப் பிடிக்க முடியவில்லை, ராத்தாதான் பருக்கிவிடுகிறார் என்றார். "இந்தக் கையால எப்பிடித் தம்பி மருமகன்ட கையப் பிடிக்கிற?"

அந்த மாதம் ஊரில் பாதிப்பேருக்கு நுளம்பு கடித்து வந்த மூட்டுவலிக் காய்ச்சல். காலையில் கடையைத் திறந்தால் வலிக்குதே, நடக்க ஏலாதே என்று வரிசையில் நிற்பார்கள். எல்லோருக்கும் ஒரே கலவைதான் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்: வலிக்கு ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று, வீக்கம் வற்ற ஸ்டீரொய்ட் குளிசை. டொக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத குளிசை அது. ஊரெல்லாம் கொடுத்தோம். அன்றும் கவுண்டருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். அவருடைய விரல்களைப் பார்த்ததும், இவருக்கும் அந்தக் காய்ச்சல்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். காய்ச்சல் இருந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இல்லை என்று சொல்லியிருப்பார். கேட்கிறவர் அவர், நான் இல்லை.

குளிசைப் பையைக் கையில் கொடுத்ததும் வழக்கம்போல் அட்டையை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். வீங்கிய விரலால் அதை என் பக்கம் தள்ளினார்.

"இந்த ஊசி போடுறவன் இதக் குடிக்கலாமா தம்பி?"

"ஓம் காக்கா, குடிங்க. எல்லாருக்கும் இதத்தான் குடுக்கிற."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் எடுத்துக் கேக்கட்டா?"

"கைகால் வலிக்கெல்லாம் போய் அவங்களுக்குக் கரச்சல் குடுக்காதீங்க."

அட்டையை அவர் பக்கம் திருப்பித் தள்ளியபடியே அடுத்த ஆளிடம் சீட்டை வாங்கினேன். அவர், "அப்ப சரி" என்றார். சோற்றுக்கு முன்னா, பின்னா என்று கேட்டார். பின் என்றேன். போய்விட்டார்.

மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நிறுத்தலாமா என்று கேட்டுவிட்டு நேரே உள்ளே வந்து கவுண்டருக்கு மேலால் என் கையைப் பிடித்து இறுக்கினார். "வலிக்குதா?" என்றார். வலித்தது. மெசின் பிடித்த கை அல்லவா. "அல்ஹம்துலில்லாஹ், என்ட பிள்ளைக்கு நான் காவின் சொல்லுவன்" என்றார். நான் பெருமைப்பட்டேன். அதையும் எழுதிவிட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்காரர் செய்யாததை நான் செய்த மாதிரி அன்று முழுவதும் கடையில் உற்சாகமாக இருந்தேன்.

காவினன்று வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரன், தொப்பி. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மௌலவி சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். குரல் நடுங்கியது, கை நடுங்கவில்லை. முடிந்த பிறகும் கையை விடவில்லை. மௌலவி சிரித்து, "காணும், கைய விடுங்க" என்றார். "விடலாமா?" என்று கேட்டார். சபையே சிரித்தது. அவருடைய முகம் வட்டமாகப் பூரித்திருந்தது. கீமோவில் வற்றிய கன்னம் நிறைந்துவிட்டது, புரியாணியை இரண்டாம் தரமும் கேட்டுச் சாப்பிட்டார். ஊசி வேலை செய்கிறது என்று ஊர் சொன்னது. அந்தப் பூரிப்பு குளிசையுடையது என்பதைப் பார்த்தவுடன் கண்டுகொள்ள வேண்டிய தொழிலில் இருப்பவன் அந்தச் சபையில் நான் ஒருவன்தான். நானும் புரியாணி தின்றேன்.

இரண்டு வாரத்தில் குளிசை முடிந்ததும் வந்து கேட்டார்: "நிப்பாட்டட்டா, இன்னும் குடிக்கட்டா?" நிறுத்தினால் வலி திரும்பும், மாப்பிள்ளை வீட்டு விருந்துகள் வேறு இருக்கின்றன என்று இன்னும் பத்து நாளைக்குக் கொடுத்தேன். பிறகும் கொடுத்தேன். இரண்டு மாதம் போனது. இடையில் இரண்டு ஊசிக்கு ராத்தாவின் மச்சான் ஒருவர் கூட்டிப் போனார். அங்கே தாதி, எங்காவது வலி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்றிருக்கிறார். அது உண்மைதான், வலி இருக்கவில்லை. வேறு மருந்து ஏதும் குடிக்கிறீர்களா என்று யாரும் கேட்டார்களா, கேட்டது இவருக்கு விளங்கியதா, எனக்குத் தெரியாது.

ஸ்கேன் முடிவு சொல்லும் நாளில் என்னைத்தான் வரச் சொன்னார். டொக்டர் படத்தைப் பார்த்தார், பிறகு இவருடைய முகத்தைப் பார்த்தார். எழுந்து வந்து கன்னத்தைத் தொட்டார். கழுத்துக்குப் பின்னால் தடவினார். என்ன குளிசை குடிக்கிறார் என்று என்னிடம் கேட்டார். எனக்கு அந்தக் கணத்தில்தான், வயலும் காவலும் போர்வையும் நான் என் வாயால் சொன்னவை என்று ஞாபகம் வந்தது. குளிசையின் பெயரையும் அளவையும் எத்தனை நாள் என்பதையும் சொன்னேன், கொடுத்தவனைச் சொல்லவில்லை.

டொக்டர் பேசிக்கொண்டே போனார். விரல் வீங்கியது இந்த மருந்தினால்தான் இருக்கும். காவல் எழும்பிவிட்டது என்பதற்குச் சில பேரில் அது ஒரு அடையாளம். அப்போதே சொல்லியிருந்தால் குறைந்த அளவில் சமாளித்திருக்கலாம். இந்தக் குளிசை இவ்வளவு நாள், இவ்வளவு அளவில் போனால் காவல் திரும்பப் படுத்துவிடக்கூடும். கட்டி வளர்ந்திருக்கிறது. குளிசையால்தான் வளர்ந்தது என்று அடித்துச் சொல்லமாட்டேன், என்றார். குளிசை குடிக்காதவர்களிலும் வளர்வதுண்டு. அது யாருக்கும் தெரியாது. ஆனால் இதைக் கொடுத்தது யார்? எனக்கு அந்த ஆளோடு பேச வேண்டும். சண்டைக்கில்லை. இன்னொருவருக்கு இப்படிச் செய்யாமல் இருப்பதற்கு.

கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பதற்காகப் பார்த்தார்.

நான் காக்காவின் பக்கம் திரும்பினேன். "குளிசைய ஆரு தந்த எண்டு கேக்கார்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வயற்காரனின் மனதை அறிய மெசினிலிருந்து இறங்கி வந்து பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த தன் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மறந்து போச்செண்டு சொல்லுங்க தம்பி" என்றார்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். நல்ல சிங்களத்தில், பிழையில்லாமல் சொன்னேன். நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல இரண்டு சொல் போதும். கடையின் அனுமதிப் பத்திரம் கண்முன் வந்தது, என் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள், ஊர் என்ன சொல்லும் என்பது வந்தது. டொக்டர் இவ்வளவு நேரம் சொன்னதையும் நான் அவருக்கு இரண்டு வசனமாக்கினேன்: "கட்டி கொஞ்சம் வளந்திரிக்காம் காக்கா. குளிசையச் சட்டெண்டு நிப்பாட்டாமக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கட்டாம்." மிச்சத்தை விழுங்கிவிட்டேன். இளவயதில் அவர் அம்பாறைப் பக்கம் கரும்புத் தோட்டங்களில் உழவுக்குப் போனவர், கொஞ்சம் சிங்களம் விளங்கும் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு விளங்கும் என்பது தெரியாது.

அதற்குப் பிறகு ஆறு மாதம் இருந்தார். ஊசியைத் தொடர்ந்து பார்த்தார்கள், வேறொரு கீமோவும் பார்த்தார்கள், ஒன்றும் பிடிக்கவில்லை. மகளின் வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிந்துதான் மௌத்தானார். ஜனாசாவுக்கு வந்த எல்லோரும் அவருடைய கேள்விகளைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் அவருடைய உடலைச் சுமந்த சந்தூக்கின் முன்கால் ஒன்றைத் தோளில் வாங்கிக்கொண்டேன். தோளை மாற்ற மூன்று பேர் வந்தும் கொடுக்கவில்லை. அதையும் என் அன்பு என்று ஊர் எண்ணிக்கொண்டது.

இப்போது அவருடைய மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவாள். "சாச்சா, இவனுக்கு மூக்கடைப்பு, என்ன குடுக்கலாம்?" என்பாள். "டொக்டரிட்டக் காட்டுங்க மகள்" என்பேன். எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறேன். மருந்துக் கடைக்காரனுக்கு மருந்தைக் கண்டால் பயம் என்று பகிடி பண்ணுகிறார்கள். ராத்தா வந்தால் நிற்க வைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். அவர் மிச்சக்காசை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

ஸ்கேன் முடிவு கேட்ட அன்று பகல் கொழும்பிலிருந்து கல்முனை பஸ்ஸில் ஏறினோம். அவரை யன்னலோரம் இருத்திவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் கிளம்ப நேரம் இருந்தது. சொல்ல வேண்டும் என்று வாயெடுப்பேன், யாராவது இடித்துக்கொண்டு போவார்கள், மூடிக்கொள்வேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பஸ் எங்கெங்கே நிற்கும், யன்னலைத் திறக்கலாமா, மருந்து ஏற்றுகிற கையை வெயிலில் வைக்கலாமா என்று போகும்போது என்னிடம் பதினெட்டுக் கேள்வி கேட்டவர் இப்போது ஒன்றும் கேட்கவில்லை.

தோடம்பழக்காரர் ஒருவர் கூடையோடு பஸ்ஸுக்குள் ஏறினார். காக்கா அவரைக் கைகாட்டி நிறுத்தினார். ஒரு பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து என் முகத்துக்கு முன்னால் நீட்டி, அந்தப் பக்கம் நின்ற பழக்காரரிடம் காட்டினார்.

"தம்பி, எனக்குக் கேன்சர். இந்த ஊசி போடுறாங்க. நான் இந்தத் தோடம்பழம் திங்கலாமா?"

பழக்காரர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "எனக்கு அதெல்லாம் தெரியாது பெரியவரே" என்றார். "பக்கத்துல இருக்கிறவர் படிச்சவர் மாதிரி இருக்கார். அவர்ட்டக் கேளுங்களேன்."

காக்கா பழத்தைத் திருப்பிக் கூடைக்குள் வைத்தார்.